கம்பளத்துக்குக் கீழே போன குழாய்

ஜனவரி 9

அன்புள்ள மருமகனுக்கு,

மாமன் சொல்லச் சொல்ல எதிர்வீட்டுத் தையல்காரி எழுதுவது. நான் நலம். உன் அம்மாவும் நலம். நீயும் உன் மனைவியும் நலமா என்று அவள் கேட்கச் சொன்னாள். போனில் உன் உதவியாளர்தான் எடுக்கிறார். ஐயா மீட்டிங்கில் இருக்கிறார் என்கிறார். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாதல்லவா, அதனால்தான் எழுதச் சொல்கிறேன்.

பழைய சங்கதி ஒன்று கேட்க வேண்டும். வருஷத்தை எண்ணாகச் சொல்ல எனக்கு வராது. நூல் மில்லின் சங்கு கடைசியாக ஊதிய வருஷம். ரயில் பாலம் வெள்ளத்தில் ஒரு பக்கமாக உட்கார்ந்து, ஜனங்கள் மூட்டை முடிச்சோடு தண்டவாளத்தில் நடந்து அக்கரை போன வருஷம். ஓட்டைக் காசு செல்லாது என்று சொல்லி, உன் அத்தை உண்டியலை உடைத்து அழுத வருஷம். அந்த வருஷந்தான் வெளிநாட்டுக் கடன் வாங்கி, சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்ய நம் ஊரில் பிளாண்ட் கட்டினார்கள்.

திறப்பு விழாவுக்கு மேடை, பந்தல், நாற்காலி எல்லாம் நம்முடையது. இந்த ஊரில் எந்த அரசாங்கம் எதைத் திறந்தாலும் என் நாற்காலியில் உட்கார்ந்துதான் திறந்திருக்கிறது. திறந்ததெல்லாம் மூடிக் கிடக்கிறது, நாற்காலி மட்டும் இன்னும் ஓடுகிறது. நீ அப்போது அதிகாரியாகச் சேர்ந்த புதிது. சின்ன வயதில் அடுத்தவர் தொட்ட டம்ளரில் குடிக்க மாட்டாய். கையைக் கழுவிக் கழுவியே விரல் சுருங்கிவிடும். தெருவே உன்னைச் சோப்பு என்றுதான் கூப்பிட்டது. சாக்கடையைச் சுத்தம் செய்ய இவனை விட்டால் யார் என்று நான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். (இந்தப் பட்டப்பெயரை எழுத வேண்டாம், இப்போது பெரிய அதிகாரி என்றேன். எழுது என்கிறார். - தையல்காரி)

விழாவுக்கு முந்தின மத்தியானம் உனக்கு ஞாபகம் இருக்கும். பிளாண்டுக்குள் சாக்கடைத் தண்ணீரே வந்து சேரவில்லை. அமைச்சரோ சுத்தமாகி வரும் தண்ணீரை ஒரு டம்ளர் குடித்துக் காட்டப்போகிறார் என்று பத்திரிகையில் வந்தாயிற்று. உங்கள் பெரிய இன்ஜினியர், கான்ட்ராக்டர், குழாய் பிட்டர், நீ ஆக நாலு பேரும் நின்று குசுகுசுவென்று பேசினீர்கள். ரோட்டோரம் போகிற குடிதண்ணீர்க் குழாயில் ஒரு கிளை வெட்டி, என் மேடைக்கு முன்னால் பள்ளம் தோண்டி, பிளாண்டின் கடைசித் தொட்டிக்குள் கொண்டுபோய் விட்டீர்கள். ஈரமண் தெரியக் கூடாது, கம்பளத்தை இதன் மேல் விரியுங்கள் மாமா என்று சொன்னது நீ. மறுநாள் ஊர்க் குடிதண்ணீரையே அமைச்சர் ஊருக்குக் குடித்துக் காட்டினார். டம்ளரை நீட்டியதும் நீதான். எல்லோரும் கை தட்டினோம்.

நான் கேட்பது இதுதான். அந்தக் குழாயைப் பிறகு பிடுங்கினீர்களா, இல்லையா?

ஏன் கேட்கிறேன் என்றால், இந்த மின்வெட்டு ஆரம்பித்த நாளிலிருந்து நம் தெருக் குழாயில் முதலில் வருகிற தண்ணீர் நாறுகிறது. கக்கூஸ் நாற்றம். உன் அம்மா குடத்தை முகர்ந்துவிட்டு வாசலில் போய்க் குமட்டுகிறாள். ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு வரி எழுது. போதும்.

உன் சுகத்தை விரும்பும்
மாமன்


ஜனவரி 30

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் நலம். தாங்களும் அம்மாவும் நலம் என்றறிந்து மகிழ்ச்சி. தையல்கார அக்காவின் கையெழுத்து எவ்வளவு அழகு! என் அலுவலகத்தில் ஒருவருக்கும் இப்படி எழுத வராது. அவர்களுக்கு என் வணக்கம்.

மின்வெட்டு நாட்களில் தண்ணீரில் கொஞ்சம் வாடை வருவது சகஜம். கொதிக்க வைத்து ஆற்றிக் குடியுங்கள். நல்ல செய்தி ஒன்று சொல்கிறேன். பிளாண்டின் இரண்டாம் கட்டத்துக்குக் கடன் தரும் வங்கி ஏறக்குறைய ஒப்புக்கொண்டுவிட்டது. முதல் கட்டம் இந்த நாட்டிலேயே வெற்றிகரமான திட்டம் என்று அவர்கள் அறிக்கையிலேயே இருக்கிறது. ஜூனில் நேரில் பார்க்க வருகிறார்கள். அது முடிந்தால் ஊருக்கே புதுக் குழாய்தான். திட்ட இயக்குநர் பொறுப்பும் எனக்கே வரும் போலிருக்கிறது. அம்மாவிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்கள்.

அம்மாவுக்காகத் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் ஒன்று பார்சலில் அனுப்பியிருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள் அன்பு மருமகன்


பிப்ரவரி 14

அன்புள்ள மருமகனுக்கு,

இங்கே நான் நலம். உன் அம்மாவுக்கு உன் பதவி உயர்வு சந்தோஷம். நீ நலமா?

மெஷின் வந்தது. பளபளவென்று இருக்கிறது. கரண்டு இருந்தால் ஓடும் என்று கூட வந்த ஆள் சொன்னான். கரண்டு வருகிற நேரம் தண்ணீர் வராது, தண்ணீர் வருகிற நேரம் கரண்டு இருக்காது. இரண்டும் ஒன்றை ஒன்று பார்க்காத சம்பந்திகள் மாதிரி. உன் அம்மா இப்போது அதன் மேல் வெங்காயக் கூடையை வைத்திருக்கிறாள். கொதிக்க வை என்கிறாய். கேஸ் வண்டி தெருவுக்கு வந்து எத்தனையோ நாளாயிற்று. டாலர் இல்லையாம், கப்பல் வெளியே நிற்கிறதாம். கொதிக்க வைத்தாலும் நாற்றம் போகுமா? மலத்தைக் கொதிக்க வைத்தால் அது சூடான மலம். (மன்னியுங்கள், அப்படியேதான் சொன்னார். - தையல்காரி)

நீ ரெண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். தையல்காரியை ரெண்டு தடவை வாசிக்கச் சொன்னேன். குழாயைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

சரி என்று நானே தண்ணீர் ஆபீசுக்குப் போனேன். இப்போதிருக்கும் இன்ஜினியர் ஒரு பெண். மரியாதையான பிள்ளை. உட்காரச் சொன்னது, நான் சொன்னதையும் கேட்டது.

"உறிஞ்சும் பெரியவரே. மெயின் குழாய் காலியா கிடந்தா, எங்க ஈரம் இருக்கோ அங்கிருந்து உறிஞ்சும். நீங்க சொல்ற தொட்டியில இப்ப சாக்கடைதான் நிக்குது. முன்ன மெயின்ல எப்பவும் தண்ணி நிறைஞ்சிருந்துச்சு, தெரியல. இப்போ மோட்டார் நின்னா குழாயும் காலி."

"அப்போ தோண்டிப் பாருங்கம்மா."

"எங்க தோண்ட? பிளாண்ட் முத்தம் பூரா கான்கிரீட் போட்டாச்சு. வரைபடத்துல அப்படி ஒரு லைனே இல்ல."

"வரைபடத்துல இல்லாட்டி பூமியில இருக்காதா?"

"நீங்க அங்க யாரு, போர்மேனா?"

"நாற்காலி வாடகைக்கு விடறவன்."

அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டது. "போட்ட ஆள் ஒருத்தர் சொன்னா, அன்னிக்கே உடைப்பேன். நாற்காலிக்காரர் சொன்னார்னு மேலே எழுத முடியுமா? எனக்கு மேல இருக்கிறது யாருன்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். அதற்கு மேல் இருப்பது நீ.

அதனால் மறுபடி கேட்கிறேன். பிடுங்கினீர்களா, இல்லையா?

மாமன்


மார்ச் 12

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும். நாட்டின் நிலைமை தங்களுக்குத் தெரிந்ததே. குளோரின் வாங்கவே அந்நியச் செலாவணி இல்லை. கடன் தருகிறவர்கள் நம் ஒவ்வொரு அசைவையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த நேரத்தில் சின்னதாக ஒரு குறை கிளம்பினாலும் மொத்தத் திட்டமும் கைவிட்டுப் போகும். நஷ்டம் யாருக்கு? நம் ஊருக்குத்தான்.

பழைய விஷயங்களைக் கடிதத்தில் எழுதாமல் இருப்பது நல்லது. கடிதம் பல கைகள் மாறி வருகிறது. நேரில் பேசுவோம்.

அம்மா இங்கே வந்து என்னோடு இருக்கலாமே. பதினோராவது மாடி, நல்ல காற்று. தண்ணீர் எல்லாம் கேனில்தான்.

தையல்கார அக்காவுக்கு வணக்கம் சொல்லுங்கள்.

மருமகன்


மார்ச் 29

மருமகனுக்கு,

இதை எழுதுவது தெருமுனை மருந்துக்கடைக்காரர். இரவல் கை, பொறுத்துக்கொள்.

நான் நலம். உன் அம்மாவும் நலம்தான்.

தெருவில் வயிற்றுப்போக்கு. மருந்துக்கடையில் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் வாங்க ஜனங்கள் மண்ணெண்ணெய்க்கு நின்ற மாதிரி நிற்கிறார்கள். இவர் எனக்குச் சும்மா எழுதித் தருகிறார். ஊர் பேதியால் தனக்கு வியாபாரம், அந்தப் பாவத்தைக் கொஞ்சம் கழுவ வேண்டும் என்கிறார். நல்ல மனிதர்.

அம்மா உன் வீட்டுக்கு வரவில்லையாம். பதினோராவது மாடிக்குக் கரண்டு போனால் எப்படி ஏறுவது என்கிறாள். அது சாக்கு. அவள் தெருவை விட்டு வர மாட்டாள்.

கேள்வியை மறுபடி எழுதவில்லை. உன்னிடம் இருக்கிறது.

மாமன்

(அம்மா ஆறு நாளாகப் படுக்கையில்தான் இருக்கிறார்கள். மகனுக்கு எழுதக் கூடாது என்று அண்ணனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். என்னிடம் வாங்கவில்லை. இப்போது கஞ்சி தங்குகிறது, பயமில்லை. - மருந்துக்கடை)


ஏப்ரல் 5

அன்புள்ள மாமா,

கடிதம் கண்டவுடன் எழுதுகிறேன். மருந்துக்கடைக்காரர் கையெழுத்தைப் படிக்க அலுவலகமே திரண்டது. அம்மாவுக்கு எப்படி இருக்கிறது? என்ன நடந்தது? நல்ல ஆஸ்பத்திரியில் சேர்க்க நான் இங்கிருந்தே சொல்லட்டுமா? இனி ஒருவேளை கூட அந்தத் தண்ணீரை அம்மா குடிக்கக் கூடாது. டிரைவரிடம் வண்டி நிறையத் தண்ணீர் பாட்டில் அனுப்புகிறேன்.

தெருவில் யாரோ பத்திரிகைக்காரர்களை அழைத்துவரப் போவதாகக் கேள்விப்பட்டேன். ஜூன் வரை பொறுக்கச் சொல்லுங்கள். தாங்கள் சொன்னால் தெரு கேட்கும்.

ஏன் தையல்கார அக்கா எழுதவில்லை? ஊருக்குப் போயிருக்கிறார்களா?

மருமகன்


ஏப்ரல் 24

மருமகனுக்கு,

எழுதுவது மருந்துக்கடைக்காரர்தான். நான் நலம். உன் அம்மா எழுந்து நடக்கிறாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள்.

உன் டிரைவர் பாட்டில்களை இறக்கினான். கீழே இறங்கும்போதே மூக்கைப் பொத்திக்கொண்டான், அவன்மேல் தப்பில்லை. "சார் சொன்னாரு, எல்லாம் அம்மாவுக்கு மட்டும்தான்" என்றான். உன் அம்மா அவனைப் பார்த்தாள். "எதிர்வீட்டுல இறக்குப்பா, அங்க ஆளுங்க வந்து போறாங்க, குடிக்க ஒண்ணுமில்ல" என்றாள். அவன் தயங்கினான். "அவன் அங்கே கேட்டா அம்மா எல்லாத்தையும் குடிச்சிட்டாங்கன்னு சொல்லு" என்றாள்.

எதிர்வீட்டுக்கு ஏன் ஆட்கள் வந்து போகிறார்கள் என்று இப்போது தெரிந்திருக்கும். கையெழுத்து அழகு என்று எழுதியிருந்தாயே, அதை அவளிடம் வாசித்தே காட்டினேன். இல்லை, அவள்தான் எனக்கு வாசித்தாள். வாசிக்கும்போதே வெட்கப்பட்டுச் சிரித்தாள். மார்ச் மாதக் கடிதத்துக்கு உனக்குப் பதில் சொல்ல நான் கூப்பிட்டபோது, "ஒரு நிமிஷம் அப்பா, வயித்தை என்னமோ பண்ணுது" என்று உள்ளே போனாள். சாயங்காலத்துக்குள் கண் குழிக்குள் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலுக்கு மூன்று பேர், மிச்சம் தரையில். தரை ஈரம். அது என்ன ஈரம் என்று சொல்ல மாட்டேன். அவள் வாய் வறண்டு தண்ணீர் கேட்டாள். நர்ஸ் வராந்தாக் குழாயில் பிடித்துக் கொடுத்தாள். அந்தக் குழாயும் நம் குழாய்தான். அதே நாற்றம். தட்டிவிட்டேன். அவள் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் போய்விட்டாள். புருஷன் லாரியில் எங்கோ தூரத்தில் இருந்தான், வந்து சேர ஆளில்லை. தெருதான் தூக்கியது. தையல் மெஷினில் பள்ளிக்கூடச் சட்டை ஒன்று ஊசி குத்தியபடி நிற்கிறது. ஒரு கை தைத்தாயிற்று, மறு கை இல்லை. அந்தச் சட்டைக்காரப் பிள்ளையின் தாய் வந்து நின்றாள். கேட்கவும் முடியாமல், போகவும் முடியாமல்.

போன கடிதத்தில் இதை ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். உன் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை என்றால் உனக்கு எப்படி இருக்கும் என்று பார்க்க நினைத்தேன். ஒரு வாரத்தில் பதில் போட்டாய். எனக்கு எத்தனை மாதம்?

உன்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று மற்றவர்களையும் தேடிப் போனேன். பெரிய இன்ஜினியர் ரிடையராகி, தலையெல்லாம் நரைத்து, ஈஸிச்சேரிலேயே போய்விட்டாராம். வீட்டில் படம் மாட்டியிருக்கிறது. பிட்டர் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய்ப் பெட்டியில் திரும்பி வந்தானாம். கான்ட்ராக்டர் வீடு வெள்ளைக் கல்லில் இழைத்திருக்கிறது. அவன் மருமகள் என்னைச் செருப்போடு வாசலிலேயே நிறுத்தினாள்.

"மாமனாரா? போன வருஷமே போயிட்டாரு. நீங்க எந்த பில்லுக்கு வந்தீங்க?"

"பில்லு இல்லம்மா, ஒரு குழாய் விஷயம்."

"குழாயெல்லாம் விட்டாச்சுங்க. இப்ப நாங்க மேம்பாலம் மட்டும்தான் எடுக்கறோம்."

மேம்பாலம் எடுக்கிறார்களாம். வரும்போது பார்த்தேன். பாதி வரை போய் அந்தரத்தில் நிற்கிறது, எச்சில் துப்பக் கழுத்தை நீட்டியவன் மாதிரி. எனக்கும் துப்பத்தான் தோன்றியது. இந்த ஊரில் எதைப் பார்த்தாலும் வாயில் எச்சில் ஊறுகிறது, பசியால் அல்ல.

இனி நீதான் சொல்ல வேண்டும்.

மாமன்


மே 20

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

நலம். தையல்கார அக்காவின் மறைவு மிகுந்த வேதனை அளித்தது. குடும்பத்தாருக்கு என் ஆழ்ந்த அனுதாபம்.

தாங்கள் திரும்பத் திரும்பக் கேட்பதால் எழுதுகிறேன். அந்த இணைப்பு ஒரு தற்காலிக ஏற்பாடு. விழா முடிந்ததும் அகற்றுமாறு வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. அடுத்த மாதமே எனக்கு மாற்றலாகிவிட்டது. அகற்றப்பட்டதா என்பதை உறுதிசெய்யும் பொறுப்பு என்னிடம் இருக்கவில்லை.

இப்போது நான் அதைக் கிளப்பினால், முதல் கட்டம் வெற்றி என்ற அறிக்கையே பொய் என்றாகும். கடன் நிற்கும். ஊர் பழைய குழாயோடே கிடக்கும். ஜூன் 17 அன்று அவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும். அதன்பின் சத்தமில்லாமல் நானே ஆள் விட்டுச் சரிசெய்கிறேன். இன்னும் கொஞ்ச நாள்தான். அம்மாவுக்குப் பாட்டில் தண்ணீர் தவறாமல் வரும்.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடவும்.

மருமகன்


ஜூன் 2

கண்ணு,

அம்மா சொல்லி எழுதுவது. எனக்கு இப்போது பரவாயில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

மாமாவும் நீயும் குழாயைப் பற்றி எழுதிக்கொண்டது எனக்கு இத்தனை நாள் தெரியாது. உன் கடிதங்களை மருந்துக்கடைக்காரரை வாசிக்கச் சொல்லி எல்லாம் கேட்டேன்.

பதினேழாம் தேதி வெளிநாட்டுக்காரர்களோடு நீ வருவாயாம். பிளாண்ட் வாசலில் நிற்பேன். நம் வீட்டுக் குழாயில் பிடித்த தண்ணீர் ஒரு டம்ளர் கொண்டுவருவேன். அம்மா கையால் குடித்துவிட்டுப் போ.

அம்மா

(சொன்னது இவ்வளவுதான். நான் எதுவும் சேர்க்கவில்லை. - மருந்துக்கடை)


ஜூன் 28

மருமகனுக்கு,

நான் இருக்கிறேன். உன் அம்மா இருக்கிறாள்.

நேற்று பிளாண்ட் முற்றத்தில் கான்கிரீட்டை உடைத்தார்கள். தண்ணீர் ஆபீஸ் பெண்ணே நின்று உடைத்தது. என் கம்பளம் எங்கே கிடந்ததோ அதன் கீழேயே குழாய் இருந்தது. வெட்டித் தூக்கி வெயிலில் போட்டார்கள். உள்ளே கறுப்பாக, களி மாதிரி, விரல் கனத்துக்கு அப்பியிருந்தது. ஒரு கூலிக்காரர் கம்பியால் நோண்டிக் காட்டினார். அங்கேயே வாந்தி எடுத்தேன், வெட்கப்படவில்லை. இத்தனை வருஷம் நான் மினுக்கித் துடைத்து வாடகைக்கு விட்ட கம்பளம் அது. வீட்டுக்கு வந்து அதை எரித்துவிட்டேன்.

உன் ஆபீசிலிருந்தே உனக்குச் செய்தி வந்திருக்கும். யாரால் வந்தது என்று அடுத்தவர் வாயால் நீ கேட்கக் கூடாது. அதற்காகத்தான் இது.

பதினேழாம் தேதி நாற்காலி நம்முடையது என்பது உனக்குத் தெரியும். உன் ஆட்கள் சொல்லியனுப்பியபோது முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பிறகு, உள்ளே போக எனக்கு வேறு வழி ஏது என்று ஒப்புக்கொண்டேன். சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு. லாரியில் புல்லைச் சுருட்டிக் கொண்டுவந்து பாய் மாதிரி விரித்தார்கள். நாற்றம் தெரியாமல் இருக்க மின்விசிறிக்குப் பின்னால் வாசனைத் தண்ணீர். அன்று கம்பளம், இன்று புல். நாற்பது கப்பல் கடன் வாங்கினாலும் உங்களுக்கு மேலே விரிக்க மட்டும்தான் தெரியும்.

வாசலில் உன் அம்மா நின்றாள். நீ வெள்ளைச் சட்டையோடு அந்த வங்கிக்கார அம்மாளுக்குப் பக்கத்தில் வந்தாய். அம்மா டம்ளரை நீட்டினாள். நீ வாங்கிக்கொண்டாய். நான் ஒரு நாற்காலியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். குடித்துவிடுவாயோ என்று எனக்கே ஒரு கணம் பயம், பெற்றவளுக்கு எப்படி இருந்திருக்கும்? குடிக்கப் போயிருந்தால் தட்டிவிட்டிருப்பேன். "குடிக்க மாட்டேன் அம்மா, இது விஷம்" என்று நீ சொல்லியிருந்தால் அங்கேயே உன்னைக் கட்டிப்பிடித்திருப்பேன். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு தூரம் நடந்து வந்தாள். நீ சிரித்தாய். அவர்கள் நட்ட செடி பக்கத்தில் இருந்தது. அதன் வேரில் ஊற்றினாய். "எங்க அம்மா, செடி நட்டா தண்ணி ஊத்தணும்னு எடுத்துட்டு வந்திருக்காங்க" என்றாய். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. நீ கைக்குட்டையை எடுத்து, விரல் விரலாகத் துடைத்துக்கொண்டாய்.

அதன்பின் நீங்கள் எல்லோரும் சாப்பிடக் காரில் ஏறிவிட்டீர்கள். அதனால் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது.

வங்கிக்கார அம்மாள் உன்னோடு காரில் வரவில்லை, பின்னால் வருவதாகச் சொன்னாளாமே. நான் நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்த இடத்துக்கு மொழிபெயர்ப்பவரோடு வந்தாள். உன் அம்மா காலி டம்ளரோடு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

"அவர் ஏன் குடிக்கலைன்னு மேடம் கேக்கறாங்க" என்றார் அவர்.

உன் அம்மா, கொண்டுவந்திருந்த கூஜாவில் மிச்சமிருந்ததை டம்ளரில் ஊற்றி நீட்டினாள். அந்த அம்மாள் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். உடனே தலையைத் திருப்பினாள். முகம் சுண்டிப்போய்விட்டது. நம் தெரு ஆறு மாதமாக நாறுகிறது, நம் அதிகாரி ஒருவன் மூக்குக்கும் தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்க ஒரு வெளிநாட்டு மூக்கு வர வேண்டியிருக்கிறது. அதுவும் எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது.

கேட்டாள், சொன்னேன். கம்பளம், பள்ளம், அமைச்சர் குடித்தது எல்லாம். மொழிபெயர்ப்பவர் நடுவில் நிறுத்தி, "பெரியவரே, இதை அப்படியே சொல்லட்டுமா? யோசிச்சுக்கோங்க" என்றார். "அப்படியே சொல்லுங்க தம்பி, நாத்தத்தையும் சேத்துச் சொல்லுங்க" என்றேன்.

"சாட்சி வேணும்கறாங்க. போட்டவங்கள்ல யாராவது உயிரோட இருக்காங்களா?"

விரல் மடக்கிச் சொன்னேன். பெரிய இன்ஜினியர் போய்விட்டார். பிட்டர் பெட்டியில் வந்தான். கான்ட்ராக்டர் வெள்ளைக் கல் வீட்டில் செத்தான். குடித்துக் காட்டிய அமைச்சருக்குச் சிலை வைத்தாயிற்று. இதையெல்லாம் எனக்காக எழுதிய பெண்ணும் போய்விட்டாள், மெஷினில் ஒற்றைக் கைச் சட்டையை விட்டுவிட்டு. அதோடு நிறுத்தினேன். உன் கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது. கிழிக்கச் சொன்னாயே, அந்தக் கடிதம். அதை எடுத்து நீட்டியிருக்கலாம். எடுக்கவில்லை. உனக்கு இன்னும் ஒரு வழி இருக்கட்டும், உன் வாயாலேயே நீ ஒத்துக்கொள்ள இடமிருக்கட்டும் என்று நினைத்தேன்.

அதற்குள் உன் அம்மா தலை நிமிராமலே சொன்னாள். "சொல்லுண்ணே."

"உன் புள்ளைடி."

"எதிர்வீட்டுக்காரியும் ஒருத்தி பெத்த புள்ளைதான். சொல்லு."

உன் ஆபீஸ் பெயர், பட்டம், பதவி எதுவும் என் வாயில் வரவில்லை. அதெல்லாம் காகிதத்தில் இருப்பது. நான் தூக்கி வளர்த்த பிள்ளைக்கு எனக்குத் தெரிந்தது ஒரே பெயர். ஒருத்தன் இருக்கான் என்றேன். இப்போ செடிக்குத் தண்ணி ஊத்தினானே, அவன்தான் என்றேன். பேரு என்ன என்று கேட்டார்கள்.

சோப்பு.